கடலூர், புதுவைப் பக்கம் கணிதம் படிப்பவர்களுக்கு: பி.எஸ்சி. முதல் பிஎச்.டி. வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்தவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், ஏற்கெனவே மேத்ஸ் மேஜர் எடுத்துவிட்டு விழிப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். தேர்வு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டின் அறிவிக்கையை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிளஸ் டூவில் கணக்கில் 95-க்கு மேல். கண்ணை மூடிக்கொண்டு பி.எஸ்சி. கணிதம் எடுக்கலாமா?

மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பள்ளியில் விடை வந்தால் முழு மதிப்பெண். கல்லூரியில் விடை பெரும்பாலும் கேள்வியிலேயே இருக்கும். அது ஏன் சரி என்று நிறுவுவதுதான் வேலை. 60 எடுத்தவர்களில் இது பிடித்துப்போகிறவர்களும் உண்டு, 98 எடுத்துவிட்டு முதல் செமஸ்டரிலேயே வெறுத்துப்போகிறவர்களும் உண்டு.

ஒரு சோதனை சொல்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடம் தனிநிலைக் கணிதம். பல பள்ளிகளில் மார்க்குக்காக மட்டும் புரட்டிவிட்டு மூடிவிடுவார்கள். கல்லூரிக் கணிதத்துக்கு மிக அருகில் இருக்கும் பாடம் அதுதான். அந்தப் பாணியில் ஒரு செயலியை, அதாவது இரண்டு எண்களிலிருந்து ஓர் எண்ணைத் தரும் விதியை, எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு எண்களின் கூட்டுத்தொகையோடு அவற்றின் பெருக்குத்தொகையையும் சேர்க்க வேண்டும். 2-க்கும் 3-க்கும் 2+3+6, ஆக 11. இதற்குச் சமனி, அதாவது எந்த எண்ணோடு சேர்த்தாலும் அந்த எண்ணையே திருப்பித் தருவது, எது? கொஞ்சம் யோசித்தால் 0 என்று கிடைத்துவிடும். எல்லா எண்ணுக்கும் எதிர்மறை, அதாவது அதோடு சேர்த்தால் 0 தரும் எண், உண்டா? −1-ஐப் போட்டுப் பாருங்கள். அதோடு 7-ஐச் சேர்த்தால் −1+7−7, திரும்ப −1. 100-ஐச் சேர்த்தாலும் −1-தான். 0 வரவே வராது. ஆகவே −1-க்கு எதிர்மறை இல்லை. விடை வந்தபின் ‘−1-க்கு மட்டும் ஏன் இப்படி, வேறு எண்ணுக்கும் ஆகுமா’ என்று தானாகக் கை பேனாவை எடுத்தால் தைரியமாகச் சேரலாம். ‘இது பரீட்சைக்கு வருமா’ என்ற கேள்வி மட்டும்தான் எழுந்தது என்றால் புள்ளியியலோ பி.சி.ஏ.வோ உங்களுக்கு நிம்மதி.

எங்கே சேரலாம்?

கடலூர் மாவட்டத்தில் தேவனாம்பட்டினத்துப் பெரியார் அரசு கலைக் கல்லூரி, விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி, தனியாரில் கடலூர் புனித வளனார் கல்லூரி என்று இருக்கின்றன. இந்த மாவட்டக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இருந்தன. இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கின்றன. மூத்தவர்களின் பழைய வினாத்தாள்களை வாங்கும்போது எந்தப் பல்கலைக்கழகத்துடையது என்று பார்த்து வாங்குங்கள், பாடத்திட்டம் வேறு. அரசுக் கல்லூரிக்குத் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். மொழிப்பாடங்கள் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை போடுவார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ந்தால் பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

புதுவையில் லாஸ்பேட்டை தாகூர் அரசுக் கல்லூரி, பெண்களுக்குப் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி. சேர்க்கை சென்டாக் என்ற புதுவை அரசின் சேர்க்கை அமைப்பு வழியாக. எம்.எஸ்சி.க்கு லாஸ்பேட்டையிலேயே காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு நிறுவனம். மத்தியப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில், ஈ.சி.ஆர். மேல்.

நம் பக்கத்தில் எல்லை ஊருக்குள் ஊராகப் பின்னிக் கிடக்கிறது. பாகூர் புதுவை, பக்கத்து ஊர் கடலூர் மாவட்டம். சென்டாக்கில் அரசு இடங்களுக்குப் புதுவை குடியிருப்புச் சான்று முக்கியம். ரேஷன் கார்டு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம் என்றிருப்பவர்கள் சான்றிதழ் வேலையை ரிசல்ட் வரும்வரை தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு வேறுபாடு: தமிழ்நாட்டில் பி.எஸ்சி. மூன்று ஆண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் புதிய கல்விக் கொள்கைப்படி நான்காம் ஆண்டுக்கும் வழி இருக்கிறது, மூன்றாம் ஆண்டிலும் பட்டத்தோடு வெளியே வரலாம். ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் உறுதியாக இல்லாதவர்கள் நான்காம் ஆண்டை எடுப்பதைவிட நேரே எம்.எஸ்சி.க்குப் போவதே மேல் என்பது எங்கள் கருத்து. பள்ளி, கல்லூரி ஆசிரியர் பணி அறிவிக்கைகள் முதுகலைப் பட்டத்தைத்தான் கேட்கின்றன.

தமிழ்வழியில் படித்தால் பின்னால் கஷ்டப்படுவோமா?

பி.எஸ்சி.யில் கஷ்டம் இல்லை. சிக்கல் அதற்குப் பிறகு வரும். எம்.எஸ்சி. வகுப்பும் புத்தகமும் ஆங்கிலம். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். ஆகவே முதல் ஆண்டிலிருந்தே நோட்டின் ஒரு பக்கத்தில் தமிழ்ச் சொல், எதிரே ஆங்கிலச் சொல் என்று எழுதி வாருங்கள்: குலம் என்றால் குரூப், வளையம் ரிங், களம் ஃபீல்ட், திசையன் வெளி வெக்டர் ஸ்பேஸ், சீரான தொடர்ச்சி யூனிஃபார்ம் கன்டினியுட்டி. ஒரு தாளுக்கு அறுபது எழுபது சொல் இருக்கும், அவ்வளவுதான். கணித ஆங்கிலத்தில் இலக்கணமும் குறைவு. ‘இருந்தால்’, ‘இருந்தால் மட்டுமே’, ‘எல்லாவற்றுக்கும்’, ‘ஏதேனும் ஒன்றுக்கு’ என்ற நான்கையும் ஆங்கிலத்தில் தடுமாறாமல் படிக்க முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அரசு வேலையில் தமிழ்வழிக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆனால் 2020-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பின், ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை முழுவதும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். பட்டம் மட்டும் தமிழ்வழி என்றால் பயன்படாது.

முதல் ஆண்டில் எங்கே சறுக்குகிறது?

வகை நுண்கணிதத்தில் யாரும் சறுக்குவதில்லை, அது பள்ளியின் தொடர்ச்சி. மெய்ப் பகுப்பாய்வில்தான் சறுக்கும், ரியல் அனாலிசிஸ் என்று எல்லோரும் பயப்படுவது. காரணம் எளிது: அங்கே சொற்களின் வரிசை மாறினால் பொருளே மாறிவிடும்.

முதல் சறுக்கல், மறுதலை. ‘ஒரு தொடர் ஒருங்கினால் (கூட்டுத்தொகை ஓர் எண்ணை நெருங்கி நிலைத்தால்) அதன் உறுப்புகள் 0-வை நெருங்கும்’ என்பது தேற்றம். தேர்வுத்தாளில் பாதிப் பேர் இதைத் திருப்பிப் போட்டு, ‘உறுப்புகள் 0-வை நெருங்குகின்றன, ஆகவே ஒருங்குகிறது’ என்று எழுதுகிறார்கள். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் தொடரைப் பாருங்கள். உறுப்புகள் 0-வை நெருங்குகின்றன. ஆனால் 1/3 + 1/4 என்பது 1/2-ஐவிடப் பெரியது. 1/5 முதல் 1/8 வரை நான்கையும் கூட்டினால் அதுவும் 1/2-ஐவிடப் பெரியது. 1/9 முதல் 1/16 வரையும் அப்படியே. இப்படி அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போவதால் கூட்டுத்தொகைக்கு எல்லை இல்லை. கால்குலேட்டரை நம்பினால் ஏமாந்துபோவீர்கள்: முதல் 100 உறுப்புகளின் கூட்டுத்தொகை 5.19 கூட ஆகாது, 10-ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும். திரையைப் பார்த்தால் நின்றுவிட்டது போலத்தான் தெரியும்.

இரண்டாவது, எப்சிலான் டெல்டா. சார்பின் மதிப்பில் அனுமதிக்கும் வித்தியாசம் எப்சிலான், அதற்காகப் புள்ளிகளுக்கு இடையே வைக்கும் இடைவெளி டெல்டா. தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் வரையறையில் இருக்கும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. முதலாவதில் புள்ளியைப் பார்த்துவிட்டு டெல்டாவைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதில் டெல்டாவை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அது எல்லாப் புள்ளிக்கும் பொருந்த வேண்டும். எக்ஸ் ஸ்கொயர் சார்பை எடுங்கள். 10-க்கும் 10.1-க்கும் இடைவெளி 0.1, அவற்றின் வர்க்கங்கள் 100, 102.01, வித்தியாசம் 2.01. 100-க்கும் 100.01-க்கும் இடைவெளி 0.01, வர்க்கங்கள் 10000, 10002.0001. 1000-க்கும் 1000.001-க்கும் இடைவெளி 0.001-தான், வர்க்கங்களின் வித்தியாசம் அப்போதும் 2-ஐவிடக் கொஞ்சம் அதிகம். இடைவெளியை எவ்வளவு குறைத்தாலும், போதுமான தூரம் தள்ளிப்போனால் வித்தியாசம் 2-க்குக் கீழே இறங்காத ஜோடி கிடைத்துவிடும். ஆக மெய்யெண்கள் முழுவதிலும் அது தொடர்ச்சியானது, ஆனால் சீரான தொடர்ச்சி இல்லை. இந்த மூன்று ஜோடிகளையும் சொந்தக் கையால் பெருக்கிப் பார்த்தவர்களுக்கு வரையறை மறக்காது.

மூன்றாவது எழுதும் முறையில் வரும் தவறு. நிறுவ வேண்டியதையே முதல் வரியாக எழுதிக்கொண்டு, இரு பக்கமும் சுருக்கி 0 = 0 வரை வந்து, ‘எனவே நிறுவப்பட்டது’ என்று கோடு போடுவது. இப்படிச் செய்தால் −1 = 1 என்பதையும் நிறுவிவிடலாம்: இருபுறமும் வர்க்கப்படுத்து, 1 = 1 வந்துவிட்டது! தோராயத் தாளில் கீழிருந்து மேலே போவது தப்பில்லை. விடைத்தாளில் தெரிந்ததிலிருந்து தொடங்கி மேலிருந்து கீழே எழுத வேண்டும், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து வர வேண்டும்.

நிரூபணங்களை மனப்பாடம் செய்தே பாஸ் ஆகிவிடுகிறார்களே?

ஆகிவிடலாம், முதல் வகுப்பும் வாங்கலாம். பல்கலைக்கழகத் தேர்வில் பெரும்பாலும் இன்டர்னல் 25, எழுத்துத்தேர்வு 75; ஐந்து ஆண்டு வினாத்தாளைப் புரட்டினால் வரப்போகும் தேற்றங்களில் பெரும்பகுதி தெரிந்துவிடும். அதனால்தான் இந்தப் படிப்பில் 85 விழுக்காடு வாங்கியவர்கள் நுழைவுத்தேர்வில் திகைத்து நிற்கிறார்கள். அங்கே தேற்றத்தை யாரும் கேட்பதில்லை. தேற்றத்தின் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு, ‘இப்போதும் உண்மையா’ என்பார்கள்.

ஆகவே ஒரு தேற்றத்தைப் படிக்கும் முறை இது. கூற்றை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் நீங்களே முயலுங்கள், கால் மணி நேரம் போதும். நின்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு, புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள், மூடுங்கள், தொடருங்கள். மறுநாள் தாளே இல்லாமல் அந்தக் குறி போட்ட வரியை மட்டும் நினைவுபடுத்துங்கள். நிரூபணத்தின் உயிர் அங்கேதான் இருக்கும், மற்றதெல்லாம் தானாக வரும். கடைசியாக நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.

உதாரணத்துக்கு: ‘மூடிய, வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு தன் பெரும மதிப்பை அடையும்.’ மூடிய என்பதை எடுத்துவிட்டால்? 0-க்கும் 1-க்கும் நடுவே, முனைகள் இல்லாமல், எக்ஸின் தலைகீழியைப் பாருங்கள். மேலே ஏறிக்கொண்டே போகும். வரம்புள்ள என்பதை எடுத்தால்? 0-விலிருந்து முடிவிலி வரை எக்ஸ் சார்பே போதும். தொடர்ச்சியை எடுத்தால்? 0 முதல் 1 வரை எக்ஸ் சார்பை வைத்துக்கொண்டு, 1-இல் மட்டும் மதிப்பை 0 என்று மாற்றிவிடுங்கள். 1-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கும், தொடாது. இந்த மூன்றும் நோட்டில் இருந்தால் அந்தத் தேற்றத்தில் யாரும் உங்களை மடக்க முடியாது.

இயற்கணிதத்துக்கும் இதே வழிதான். உட்குலத்தின் வரிசை (உறுப்புகளின் எண்ணிக்கை) குலத்தின் வரிசையை வகுக்கும் என்பது லக்ராஞ்சு தேற்றம். மறுதலை பொய். அதற்கு மிகச் சிறிய எதிர் உதாரணம் ஏ4 என்ற 12 உறுப்புள்ள குலம்: 6 என்பது 12-ஐ வகுக்கும், ஆனால் 6 உறுப்புள்ள உட்குலம் அதில் கிடையாது. 12 உறுப்புகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எம்.எஸ்சி. முடியும்வரை பயன்படும்.

ஐந்தாவது யூனிட்டை நடத்துவதே இல்லை. என்ன செய்வது?

நம் கடற்கரையில் இது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. ஒற்றைப்படை செமஸ்டர் முடியும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று பெரிய புயல்கள் இல்லாத ஆண்டிலும் நான்கைந்து நாள் மழை லீவு நிச்சயம். பாடத்திட்டம் ஐந்து யூனிட். வெட்டுப்படுவது கடைசி யூனிட். சாய்ஸ் இருப்பதால் நான்கு யூனிட்டை வைத்துத் தேறிவிடலாம் என்று மாணவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் பகுப்பாய்வில் கடைசி யூனிட்டில் பெரும்பாலும் இருப்பது சார்புகளின் தொடர்முறைகளும் சீரான ஒருங்கலும், நேர்கோட்டு இயற்கணிதத்தில் ஐகன் மதிப்புகளும் மூலைவிட்டமாக்கலும். நுழைவுத்தேர்வுகள் விரும்பிக் கேட்பவை இவைதாம். ஆகவே ஜூலையிலேயே கடைசி யூனிட்டின் வரையறைகளையும் உதாரணங்களையும் சொந்தமாகப் படிக்கத் தொடங்குங்கள். நிரூபணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். காணொளிகள் இலவசம், ஒரு காணொளியைப் பார்த்தவுடன் அடுத்ததற்குத் தாவாமல், அதில் வந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டுத் தாவுங்கள்.

எந்தப் புத்தகம்?

கல்லூரியில் சொல்லும் ஆறுமுகம்–ஐசக் புத்தகங்கள் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போதும், பயிற்சிக் கணக்குகளும் நல்லவை. அதற்கு மேல் பகுப்பாய்வுக்கு பார்ட்டில்–ஷெர்பெர்ட், இயற்கணிதத்துக்கு கேலியன். ரூடினின் பகுப்பாய்வுப் புத்தகத்தைப் பி.எஸ்சி. முதல் ஆண்டில் வாங்காதீர்கள். எம்.எஸ்சி.யில் அது தேவைப்படும். அப்போதும் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடிப்பது இயல்புதான், மூளைக்குறைவு இல்லை. கைடு புத்தகம் பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும்.

பி.எஸ்சி. முடித்துவிட்டு எம்.எஸ்சி.யைப் பற்றி யோசித்தால் போதாதா?

போதாது. நல்ல இடங்களுக்கான கதவுகள் மூன்றாம் ஆண்டு நடுவிலேயே மூடிவிடுகின்றன. நம் மாணவர்கள் அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான், திறமைக்குறைவால் இல்லை.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. ஐந்தாம் செமஸ்டர் நடக்கும்போது, செப்டம்பர்–அக்டோபர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரு விடை மட்டும் சரியாக உள்ள 30 கேள்விகளுக்குத்தான் தவறுக்கு மதிப்பெண் குறைப்பு. பல விடை சரியாக இருக்கக்கூடிய 10 கேள்விக்கும், எண்ணை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டிய 20 கேள்விக்கும் குறைப்பு இல்லை. அவற்றைக் காலியாக விட்டு வருவது வீண்.

புதுவைப் பல்கலைக்கழக எம்.எஸ்சி.க்கு முதுகலைக்கான கியூட் என்ற பொது நுழைவுத்தேர்வு. 75 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு 1 குறைப்பு. இதில் வழக்கமாக நடக்கும் விபத்து ஒன்று உண்டு: தேர்வை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டு, பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்யாமல் விட்டுவிடுவது. தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை, இடம் கொடுப்பது பல்கலைக்கழகம். இரண்டு விண்ணப்பமும் வேண்டும்.

சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம் தன் சொந்தத் தேர்வை நடத்துகிறது, அதில் விளக்கி எழுத வேண்டிய கேள்விகளும் உண்டு. மேலே சொன்ன வெள்ளைத்தாள் பழக்கம் இருப்பவர்களுக்கு ஏற்ற தேர்வு. மதிப்பெண் பட்டியல் அவ்வளவாகச் சோபிக்காதவர்கள்கூட இதை எழுதிப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கியது. நாட்டின் பல மையங்களில் நான்கு வாரம் நடக்கும். பாடத்தை முடிப்பது அங்கே நோக்கம் இல்லை; கரும்பலகைக்கு வரவழைத்து ‘ஏன்?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பியுங்கள். துறைத்தலைவரிடமோ பாட ஆசிரியரிடமோ பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டியிருக்கும், கடைசி நாளில் போய் நிற்காதீர்கள்.

எம்.எஸ்சி.யில் என்ன மாறுகிறது?

வேகமும் அடர்த்தியும். இடத்தியல் (டோபாலஜி), அளவுக் கோட்பாடு (மெஷர் தியரி), சார்பியல் பகுப்பாய்வு (ஃபங்ஷனல் அனாலிசிஸ்), கலப்பெண் பகுப்பாய்வு, கால்வா கோட்பாடு எல்லாம் நான்கு செமஸ்டரில். புதிதாக வரும் தாள்களால் தோற்பவர்கள் குறைவு. பி.எஸ்சி.யில் விட்ட ஓட்டைகள்தான் காலை வாரும். சார்பியல் பகுப்பாய்வு புரியவில்லை என்று வருபவர்களிடம் கேட்டுப் பார்த்தால், சிக்கல் பெரும்பாலும் திசையன் வெளியின் அடுக்களத்தில் (பேசிஸ்) இருக்கும். அணிகளைப் பெருக்கத் தெரியும், நேரியல் உருமாற்றம் என்றால் என்ன என்று தெரியாது. சேருவதற்கு முந்தின கோடையில் நேர்கோட்டு இயற்கணிதத்தை மட்டும் முதலிலிருந்து ஒருமுறை படித்துவிட்டு வந்தால் முதல் ஆண்டு பாதி இலகுவாகும்.

தேர்ச்சி மதிப்பெண்ணும் மாறும்: இளங்கலையில் 40 விழுக்காடு, முதுகலையில் 50. அதோடு மொத்தத்தில் 55-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். நெட் தேர்வுக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்கும் முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு, கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி. உட்பட, 50.

நெட் தேர்வை எப்படி அணுகுவது?

சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட், கணித அறிவியல் தாள்: 3 மணி நேரம், 200 மதிப்பெண். முதல் பகுதி பொதுத்திறன், 20 கேள்வியில் 15-க்கு விடை, தலா 2. இரண்டாம் பகுதியில் 40-இல் 25, தலா 3. இரண்டிலும் தவறுக்குக் கால் பங்கு குறைப்பு. மூன்றாம் பகுதியில் 60-இல் 20, தலா 4.75, ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம், எல்லாவற்றையும் சரியாகத் தேர்ந்தால்தான் மதிப்பெண், அரைகுறைக்கு ஒன்றும் இல்லை, குறைப்பும் இல்லை.

இந்த அமைப்பிலேயே உத்தி இருக்கிறது. மூன்றாம் பகுதிக்கு 95 மதிப்பெண். 60 கேள்வியையும் படிக்க நேரம் கிடையாது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மூன்று தலைப்புகளின் கேள்விகளைத் தேடி, நான்கு தெரிவுகளையும் ஒவ்வொன்றாக நிறுவவோ உடைக்கவோ வேண்டும். இங்கே எதிர் உதாரண நோட்டுதான் கைகொடுக்கும். பகுப்பாய்வும் நேர்கோட்டு இயற்கணிதமும் முதல் அலகு. அதில் பலமாக இருந்துகொண்டு, கலப்பெண் பகுப்பாய்வு–இயற்கணிதம் அல்லது வகைக்கெழுச் சமன்பாடுகள், இரண்டில் ஒன்றை ஆழமாகப் பிடித்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றிலும் மேலோட்டமாக இருப்பவர்களைத்தான் இந்தத் தாள் வடிகட்டுகிறது.

பயிற்சிக்கு ஒன்று: எல்லா உறுப்பும் 1-ஆக உள்ள ஐந்துக்கு ஐந்து அணி. ஐகன் மதிப்புகள் என்ன? அணிக்கோவையை விரித்துக் கணக்குப் போடத் தொடங்கினால் பத்து நிமிடம் போய்விடும். எல்லா நிரையும் ஒன்றே, ஆகவே தரம் 1. ஆக 0 நான்கு முறை. மூலைவிட்டக் கூட்டுத்தொகை 5, ஆக மீதமுள்ளது 5. இந்த அணியைத் தன்னோடு பெருக்கினால் அதன் 5 மடங்கு கிடைக்கும் என்பதால் மூலைவிட்டமாக்கவும் முடியும். அரை நிமிட வேலை.

நெட் தேர்வில் முன்னணியில் வருபவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இது 2023 முதல் நடைமுறையில் உள்ள தொகை. இதற்கு இணையாக, அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் தேசிய உயர்கணித வாரியமும் பிஎச்.டி. உதவித்தொகைத் தேர்வு நடத்துகிறது. அது சுத்தக் கணிதத் தேர்வு, பொதுத்திறன் பகுதி இல்லை. கணிதத்தை விரும்பிப் படித்தவர்களுக்கு அந்தத் தாள் பிடிக்கும்.

பிஎச்.டி.க்குக் கைடை (ஆய்வு நெறியாளரை) எப்படித் தேர்வது?

முதலில் விதிகள். எம்.ஃபில். இப்போது இல்லை. யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவில் 2 ஆண்டு நீட்டிப்பு, பெண்களுக்கு மேலும் 2. தொடக்கத்தில் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் வொர்க்.

கைடைப் பற்றித் தெரிந்துகொள்ள, அவரிடம் படித்து முடித்தவர்களைத் தேடிப் பிடியுங்கள், இப்போது படிப்பவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள். எத்தனை ஆண்டில் முடித்தார்கள், வாரத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து பேசினாரா, கட்டுரையைத் திருத்தினாரா, பெயர் மட்டும் போட்டுக்கொண்டாரா என்று கேளுங்கள். பிறகு அவருடைய கட்டுரைகளை இசட்.பி.மேத் என்ற கணிதக் கட்டுரைத் தரவுத்தளத்தில் பாருங்கள், 2021 முதல் அது எல்லோருக்கும் இலவசம். அங்கே ஒன்றுமே தட்டுப்படவில்லை என்றால் யோசிக்க வேண்டும்.

நம் வட்டாரத்தில் ஃபஸி கணங்கள், கோட்டுரு லேபிளிங், நிலைப்புள்ளித் தேற்றங்கள் மூன்றிலும் ஆய்வேடுகள் குவிகின்றன. மூன்றுமே உண்மையான துறைகள்தாம். ஆனால் ஏற்கெனவே உள்ள தேற்றத்தில் ஒரு நிபந்தனையை மாற்றிப் பெயரை நீட்டி வெளியிடும் வேலையாக அது இறங்கிவிடும் ஆபத்து அதிகம். ‘இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் வேறு யாருக்குப் பயன்?’ என்று கைடிடமே மரியாதையாகக் கேட்கலாம். நல்லவர் கோபிக்க மாட்டார்.

ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டு பணம் கேட்கும் ஆய்விதழ்கள் பக்கம் போகாதீர்கள். கணிதக் கட்டுரையை ஒருவர் வரிவரியாகச் சரிபார்க்க மாதக்கணக்கில் ஆகும். யு.ஜி.சி. தான் ஏற்கும் ஆய்விதழ்களின் கேர் பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டதால், ‘பட்டியலில் இருக்கிறது’ என்ற விளம்பரத்துக்கு இனி பொருள் இல்லை.

சின்ன ஊரில் இருந்துகொண்டு பெரிய கணிதம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: எண்ணியல் அறிஞர் எஸ்.எஸ். பிள்ளை 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். எந்த மிகை முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பதை 1940-இல் நிறுவியது அவர்தான். எண்களை அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதுவது பற்றிய வாரிங் கணக்கில் அது உலக அளவில் பேசப்படும் முடிவு. சிதம்பரம் கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம்.

டீச்சர் வேலைதான் குறி. என்ன வரிசையில் படிக்க வேண்டும்?

பட்டதாரி ஆசிரியருக்கு பி.எஸ்சி., பி.எட்., டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அதன்பின் நியமனத் தேர்வு. முதுகலை ஆசிரியருக்கு எம்.எஸ்சி., பி.எட்., ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு. இதில் கவனிக்க வேண்டியது: இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். இளங்கலையில் இயற்பியல், முதுகலையில் கணிதம் என்றால் சிக்கல். ‘கணிதமும் கணினிப் பயன்பாடும்’ போன்ற பெயருள்ள பட்டங்களுக்குச் சமநிலை அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துவிடுங்கள், சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இல்லை. கல்லூரி வேலைக்கு நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட், பி.எட். வேண்டாம்.

ஆசிரியர் வேலை வேண்டாம் என்றால்?

வங்கி, எஸ்.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளின் கணக்குப் பகுதி உங்களுக்குத் தண்ணீர் பட்டபாடு. பொது அறிவுக்குத்தான் உழைக்க வேண்டும். எம்.சி.ஏ., எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் இரண்டுக்கும் பி.எஸ்சி. கணிதம் போதும், ஆனால் நிகழ்தகவும் புள்ளியியலும் அல்லைடில் (துணைப்பாடத்தில்) ஒப்புக்குப் படித்திருந்தால் அங்கே தடுமாறுவீர்கள். பைத்தான் மூன்று மாதம் சொந்தமாகப் பழகலாம். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு, சமன்பாடுகளைத் தட்டச்சு செய்ய உதவும் லேடெக்ஸ் எப்படியும் தேவை. கணினி மையத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து அடிக்காமல் நீங்களே இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளுங்கள். சமன்பாட்டில் தப்பு வந்தால் அடித்தவருக்குத் தெரியாது.

ஒரு அரியர் விழுந்துவிட்டது. மேற்படிப்புக் கனவு போச்சா?

இல்லை. ஜாம், கியூட் எழுத இறுதியாண்டில் இருந்தால் போதும். ஆனால் சேரும் நிறுவனம் சொல்லும் தேதிக்குள் பட்டம் முடிந்ததற்கான சான்று காட்ட வேண்டும். ஆறாம் செமஸ்டர் தேர்வோடு சேர்த்து அரியருக்கும் பணம் கட்டுங்கள். உடனடித் துணைத்தேர்வு உண்டா என்று பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். அரியர் விழுந்த தாள் பகுப்பாய்வோ இயற்கணிதமோ என்றால், அதற்குப் படிப்பதும் நுழைவுத்தேர்வுக்குப் படிப்பதும் ஒரே வேலை. இரண்டு நோட்டுப் போடாதீர்கள்.